நசுங்காத எலுமிச்சம்பழம்

1

டமால்!

லாரி டயர்தான். ஆனால் மண்ணூர்பேட்டை டீக்கடையில் நின்றிருந்த டிரைவர் துலுக்கானம் கிளாஸைப் போட்டுவிட்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார். பக்கத்தில் நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘பூந்தமல்லி சாலையில் அன்று பெய்த மழை...’ வேண்டாம். அன்று மழையே இல்லை.)

நான்கு மாதத்துக்கு முன், கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பின்னால் வந்த வேன் இடித்து அவர் கார் சுவரில் மோதியது. பக்கத்து சீட்டில் மனைவி நாகவல்லி. அவளுக்குக் கை முறிந்தது, கூடிவிட்டது. ஒர்க் ஷாப் போன காரும் வந்துவிட்டது. துலுக்கானம்தான் இன்னும் வரவில்லை. சாவியைத் தொட்டால் உள்ளங்கை வேர்க்கிறது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

3

முகப்பேரில் வித்யா என்ற மனநல ஆலோசகரிடம் போனார்கள். முதல் வாரம் காரில் சும்மா உட்காரச் சொன்னார். அடுத்த வாரம் இன்ஜினைப் போட்டு உட்கார வேண்டும். மூன்றாவது வாரம் நாலடி நகர்த்த வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ரிப்பேர் பார்த்து வந்த வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித்தான் கிளம்பணும் என்றார் துலுக்கானம். காலையில் டயருக்கொன்றாக நாலு பழம் வைப்பார். உட்காருவார். இறங்கிவிடுவார். சாயங்காலம் நாகவல்லி பழங்களைப் பொறுக்குவாள். ஒன்பது நாளாக வீட்டில் எலுமிச்சை சாதம்.

“இன்னாய்யா, வண்டி ஓட்டப் போறியா, இல்ல நான் ஊறுகா கம்பெனி வெக்கட்டா?”

வித்யா பழத்தைத் தடுக்கவில்லை. நாலு வேண்டாம், ஒன்றே ஒன்றை நசுக்கிவிட்டு வாருங்கள் என்றாராம்.

4

நாகவல்லி மேல்தான் எனக்குச் சந்தேகம். மூன்று தடவை திருத்தி எழுதியும் அவளுக்குப் பயமே வரவில்லை. கிண்டலடிக்கிறாள், அதட்டுகிறாள், வாராவாரம் அவரை பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போகிறாள். இப்படி ஒருத்தி நிஜத்தில்... (வாக்கியம் முடியமாட்டேன் என்கிறது.)

5

பத்தாவது நாள் பழம் நசுங்கியது. அன்றைக்குத் தெருமுனை வரை. மறுவாரம் தனியாகவே கொரட்டூர் போய்த் திரும்பினார். அடுத்த முறை வித்யாவைப் பார்க்க, இருவரும் காரிலேயே போவது என்று முடிவாயிற்று.

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஓட்டிப் போகிறார். பாதியில் நிறுத்திவிடுகிறார். கிளம்பவே இல்லை. மூன்றையும் அடித்துவிட்டேன், மூன்றுமே அவரைப் பற்றியவை. நடந்தது வரைக்கும் சொல்கிறேன், மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

துலுக்கானம் இன்ஜினைப் போட்டு, இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். நாகவல்லி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தாள். ஏறவில்லை.

“நீ முன்னாடி போய்க்கினு இருய்யா. நான் பஸ்ல வந்துர்றேன்.”