சக்களத்தி நாடு

சக்களத்தி என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஜெயராணிக்கு வாய்த்தவள் ஒரு நாடு. பெயர் இத்தாலி.

அவள் புருஷன் கணேஸ் எட்டு வருஷம் அங்கே, வெரோனாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியும் வெங்காயம் வெட்டியும் உழைத்தவன். அந்தக் காசில்தான் கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் கெஸ்ட் ஹவுஸ் கட்டினார்கள். ஆள் ஊரில் இல்லாததால் காணியும் லைசன்ஸும் அவள் பெயரிலேயே விழுந்தன. அதெல்லாம் சரிதான். ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து மனுஷன் வாயைத் திறந்தால் இத்தாலி. தக்காளி வாங்கினால், "அங்க தக்காளின்னா தக்காளி." மழை பெய்தால், அங்கே மழைகூட மரியாதையாகப் பெய்யுமாம். வைன் பேச்சை எடுத்தாலோ கண் செருகிவிடும்.

ஜெயராணி எல்லாவற்றையும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டாள். வெளிநாடு போய் வந்தவன் எவன்தான் அளக்கவில்லை? பட்ட கஷ்டத்தை மறைக்க அளக்கிறான், பாவம் என்று அவளே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். நாவலப்பிட்டியில் கைப்பிள்ளையோடு, படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பீமூத்திரம் அள்ளிய எட்டு வருஷத்தையும் அந்த நியாயத்தை வைத்துத்தான் அவனுக்கு மன்னித்திருந்தாள்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. கண்டிக் குளத்துக்கு மேலே இருக்கிற பெரிய ஹோட்டலில் இத்தாலி வைன்களை ருசி பார்க்கும் விழா. நடத்துவது ஒரு கொழும்புக் கம்பனி. தங்களிடம் வைன் எடுக்கும் இடங்களிலிருந்து இடத்துக்கொருவரை செப்டம்பரில் திராட்சை அறுவடை காட்டக் கூட்டிப் போவார்களாம், வெரோனாவுக்கே. ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு ஒருவர் மட்டும். கணேஸ் அன்றே அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துத் தூசி தட்டினான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டு வாரந்தானே, ராணி" என்றான்.

முதல் தடவையும் ரெண்டு வருஷந்தானே என்று சொல்லித்தான் போனான். இந்தத் தடவை போனால் வரமாட்டான் என்று ஜெயராணிக்கு உள்ளே ஏதோ சொன்னது.

விழாவுக்கு அவளும் கிளம்பினாள். ஹோட்டலில் வெள்ளை விரித்த நீள மேசை, அதில் போத்தல்கள், சீஸ் துண்டுகள், நடுவில் ஒரு வாளி. கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனுஷர்கள் வைனை வாயில் கொப்பளித்து அந்த வாளியில் வரிசையாகத் துப்பினார்கள். வெற்றிலை போடுகிற சனங்களை மட்டும் ஏன்தான் திட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

வைன் தோட்டத்திலிருந்தே ஒருத்தி வந்திருந்தாள். லூச்சியா என்று பெயர். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். கணேஸ் அவளிடம் இத்தாலி பாஷையில் ஏதோ சொன்னதும் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அவ்வளவுதான். வீட்டில் தேத்தண்ணி வேண்டுமென்றால் புருவத்தை மட்டும் தூக்குகிற மனுஷனுக்கு இங்கே ரெண்டு கையும் பேசின. பல் தெரியச் சிரித்தான். ஜெயராணிக்கு வயிறு எரிந்தது. இந்தச் சிரிப்பை இவன் எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

பேச்சின் நடுவில் லூச்சியா தான் குடித்துக்கொண்டிருந்த கிளாஸை அவனிடம் நீட்டினாள். கணேஸ் வாங்கி, உதடு வைத்துக் குடித்தான்.

வீட்டில் செம்புத் தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிறவன் அவன். கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகக் கடித்துக் கொடுத்த மாங்காயை, "எச்சி எனக்கு ஒத்துக்காது" என்று தள்ளியவன்.

"என்னாங்க இது?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ எச்சியக் குடிக்கிறீங்க?"

"இவங்களுக்கு இதெல்லாம் சாதாரணம். நீ சும்மா இரு."

எட்டு வருஷம் சும்மா இருந்தது போதாதா? அவன் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள். ஒரு வாய் குடித்து, சீ, இதுக்குத்தானா இந்தக் கூத்து என்று சபையில் சொல்லி, வாளியில் துப்பிக் காட்டுவதென்று நினைத்தாள்.

துப்ப முடியவில்லை. முதலில் லேசாகக் கசந்தது. பிறகு பேரீச்சம்பழம் போல ஒரு இனிப்பு வந்து, நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது. திராட்சையைக் குளிர்காலம் முழுக்கக் காயப்போட்டுச் செய்வதாக லூச்சியா இங்கிலீசில் சொன்னாள். ஜெயராணி மிச்சத்தையும் குடித்தாள். நல்லா இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இதையா அங்க குடிச்சிக்கிட்டு இருந்தீங்க?"

"லீவு நாள்ல. அப்பவே சொன்னேன்ல! நீதான் நம்பல."

"ஆமா. பொய்யின்னுதான் நெனச்சேன்."

பொய் என்று நினைத்துத்தானே மன்னித்தாள்? அவன் அளந்ததெல்லாம் நிஜம். அவள் மாமியாரின் துணி அலசிய ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் இதைக் குடித்துக்கொண்டு, இப்படிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இப்போது லூச்சியா மேல் அவளுக்கு எரிச்சலே இல்லை. எரிந்ததெல்லாம் அவன் மேல்தான்.

கம்பனிக்காரர் செப்டம்பர் பயணத்துக்குப் பெயர் கேட்டு வந்தார். அம்பிட்டியவிலிருந்து யார் என்றார். கணேஸின் கை சட்டைப் பையிலிருந்த பாஸ்போட்டுக்குப் போனது.

"நான்தான்" என்றாள் ஜெயராணி, விருந்தாளிகளிடம் பழகிய இங்கிலீசில். "லைசன்ஸ் என் பேர்ல இருக்கு."

கணேஸ் அவள் பக்கம் குனிந்தான். "நீயா? பாசை தெரியாது, ஆள் தெரியாது. அங்க போயி என்னா செய்யப் போற? பாஸ்போட்கூட இல்லியே ஒனக்கு!"

"எடுத்துக்கிறேன். ரெண்டு வாரந்தானேங்க."

திரும்பும்போது மழை. த்ரீவீலர் குளத்தைச் சுற்றி வந்தது. கணேஸ் வெரோனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது இதுவரை நடக்காத காரியம். அம்பிட்டிய ஏற்றத்தில்தான் மெதுவாகக் கேட்டான்.

"திரும்பி வந்துருவல்ல, ராணி?"

வராமல் எங்கே போகப் போகிறாள்? ஆனாலும் ஜெயராணி உடனே பதில் சொல்லவில்லை. நாக்கில் இன்னும் அந்த இனிப்பு இருந்தது. வீடு வந்து சேரும்வரைக்குமாவது, வருவாளோ மாட்டாளோ என்ற பயத்தை அவனும் அனுபவிக்கட்டும் என்று வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.