அசையாமல் நின்ற நாத்தனார்

தீவில் பார்வையாளர்களை நடையாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் வேலையில் அவள் சேர்ந்து மூன்று வருடமாகியும், நாத்தனார் ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. தையல்கடை வைத்திருப்பவர், கையும் வாயும் சும்மா இருக்காது. "அங்க என்ன இருக்கு, காடும் காத்தும்" என்பார். கடைக்கு வெள்ளையடிக்கிறார்களே என்று, பொழுது போகாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை படகேறினார்.

இறங்கியதுமே முகம் கடுகடுத்துவிட்டது. ஒரு காலத்தில் தீவிலிருந்த பறவை முட்டைகளையெல்லாம் எலிகள் தின்று தீர்த்திருந்தன. எலிகளை ஒழித்து, மரம் நட்டு, பறவைகளைத் திரும்பக் கொண்டுவந்தபின், வெளியிலிருந்து ஒரு எறும்போ விதையோகூட உள்ளே வரக்கூடாது என்பது கட்டளை. அதனால் மற்றவர்கள் பையைப் போலவே நாத்தனாரின் பையையும் அவள் மேசைமேல் கொட்டினாள்.

"என்னைத் திருடின்னு நெனச்சிட்டியா?"

"ஐயோ, எல்லாருக்கும் இதே கதிதான் அக்கா. காலைக் கொஞ்சம் நீட்டுங்க, சாக்ஸ்ல புல்விதை ஒட்டியிருக்கு."

அத்தனை பேர் பார்க்க மண்டிபோட்டு விதைகளைப் பிடுங்கினாள். நாத்தனார் உம்மென்று ஆகிவிட்டார். நடை தொடங்கியதும் வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் வந்தார்.

ஓடையைத் தாண்டியபோது, "ஏய், இங்க வா" என்று கிசுகிசுப்பு கேட்டது. திரும்பினாள். நாத்தனாரின் வலது ஷூவின் மேல் ஒரு கானாங்கோழிக் குஞ்சு, கன்னங்கரேலென்று, ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னடி பண்றது?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. தொடக்கூடாது, காலையும் எடுக்கக்கூடாது. அதுவா இறங்கணும்."

"எப்ப இறங்கும்?"

"அதுகிட்டதான் கேக்கணும்."

கூட்டத்தை இன்னொரு வழிகாட்டியோடு அனுப்பிவிட்டு அவளும் கூடவே நின்றாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் கால் மரத்துப்போனது. தோளைக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டார்.

"இதோட அம்மா எங்க?"

"அந்தப் புதர்லதான் இருக்கும். நம்மளைப் பாத்துட்டிருக்கும்."

"பாவம், எப்படிப் பதறுதோ. நீ தெனமும் இப்படித்தான் நிக்கிறியா?"

"சில நாள் மழையிலயும் நிப்பேன்."

"தம்பி ஒண்ணுமே சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே அக்கா."

சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாத்தனார் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. கேக்கலை" என்றார்.

அதற்குள் நடை முடித்துக் கூட்டம் திரும்பி வந்தது. கேமராக்காரர் ஒருவர் "ஆஹா!" என்று கத்திக்கொண்டே நெருங்கினார்.

"மெதுவாங்க! தூங்குற புள்ளைய எழுப்பிடாதீங்க" என்று சீறினார் நாத்தனார். மனிதர் அப்படியே பின்வாங்கினார்.

கடைசியில் புதருக்குள்ளிருந்து தாய் கூப்பிட்டது. குஞ்சு உடம்பைச் சிலுப்பி, ஷூவின் மேலேயே எச்சமிட்டுவிட்டு ஓடியது. அடியெடுத்து வைக்கப் போன நாத்தனார் மரத்த கால் மடங்கிப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடப் போனவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனாருக்கு அதைவிட.

திரும்பும்போது படகில் ஒரு பெண்மணி நாத்தனாரிடம் கேட்டார்: "நீங்களும் இங்கதான் வேலை பாக்குறீங்களா?"

"நான் தையல்காரிங்க. இவதான் இங்க வேலை பாக்குறா. என் தம்பி பொண்டாட்டி" என்றார் நாத்தனார், எஞ்சின் சத்தத்தையும் மீறிப் படகு முழுக்கக் கேட்கும்படி.