இரண்டு அட்டை மாத்திரை

மூன்று கடை ஏறி இறங்கியதில் கால் வலித்தாலும் கமலவேணிக்கு மனசு குளிர்ந்திருந்தது. நாலு மாதமாக மாத்திரை போட்டும் மணிவேலுக்குச் சுகர் இறங்கவே இல்லை என்று, டாக்டர் அன்று காலையில்தான் வீரியம் கூடியதாக எழுதிக் கொடுத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ஆஸ்பத்திரி வாசல் மெடிக்கலில் பத்து மாத்திரை நூற்றெண்பது ரூபாய். பகல் கொள்ளை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஓர் அட்டை மட்டும் வாங்கிப் புருஷனிடம் கொடுத்து, ஆடு பசியில் கத்தும் என்று அவனை வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மாசத்துக்கு ஆவதை விலை விசாரித்து வாங்க அவள் மட்டும் பெரம்பலூரில் தங்கினாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் நூற்றைம்பது. உள்தெருவில் ஒரு சின்னக் கடையில், அதே மருந்து வேறு கம்பெனிப் பேரில், பத்து வெறும் இருபத்தெட்டு. இரண்டு அட்டை வாங்கினாள். அந்த நேரம் பக்கத்து வீட்டு அரியமுத்து பைக்கில் ஊருக்குப் போவதாக வந்து நின்றார். சாப்பிடும் முன் ஒன்று போடச் சொல்லுங்கள் என்று அவரிடமே கொடுத்தனுப்பினாள்.

அதோடு மளிகைக் கடைக்குப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி பில்லை இந்தச் சின்ன மருந்துக்கடை அம்மாவிடம் காட்டி அந்த மெடிக்கலைத் திட்டாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. பில்லைப் பார்த்த அந்த அம்மாவின் முகம் மாறியது.

"இது இன்னைக்கு வாங்குனதாச்சே. அந்த அட்டை எங்கங்க?"

"அவருகிட்டதான் இருக்கு."

"ரெண்டும் ஒரே மருந்துன்னு அவருக்குத் தெரியுமா? சேத்துப் போட்டா சுகர் ஒரேயடியா இறங்கி ஆளே மயங்கிடுவாருங்க."

கமலவேணி பையிலிருந்து போனை எடுத்தாள். மணிவேலுக்கு எழுத்து தெரியாது, மாத்திரையை நிறம் பார்த்துத்தான் போடுவான். காலையில் வாங்கியது ரோஸ், இது வெள்ளை. இரண்டும் ஒன்று என்பதை அவள் அரியமுத்துவிடம் சொல்லவே இல்லை.

மணி பன்னிரண்டரை. ஒரு மணி அடித்தால் மணிவேல் தட்டின் முன் உட்கார்ந்துவிடுவான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. பைக்கில் போகும் அரியமுத்துவும் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறியபின் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். உசுரு போற காரியம் என்று கண்டக்டரிடம் அவள் சண்டை போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. வழியெல்லாம் தன் கருமித்தனத்தைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மணிவேல் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"மாத்திரை போட்டீங்களா? ரெண்டுமா?"

"ரெண்டும்தான். நீதான அரியமுத்துகிட்ட சொல்லி வுட்ட."

அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து ஒரு பிடி அவன் வாயில் திணித்தாள். அவன் துப்பிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு புள்ள. ரெண்டுலயும் பாதி பாதிதான் போட்டேன்."

"பாதியா?"

அவன் அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தான். பழைய மாத்திரைகள், எல்லாம் பாதியாக உடைந்தவை, பாதி டப்பாவுக்கு மேல் கிடந்தன.

"கையில காசு இல்லாத மாசத்துக்கு ஆவும்னு எடுத்து வச்சேன். நாலு மாசமா பாதிதான்."

கமலவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று கடை ஏறிய தன்னையும் மிஞ்சி, வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் இப்படி மிச்சம் பிடித்திருக்கிறான். சுகர் இறங்காததற்கும் டாக்டர் வீரியத்தைக் கூட்டியதற்கும் காரணம் இந்த டப்பாதான். ரோஸில் பாதி, வெள்ளையில் பாதி. நாலு மாதத்தில் இன்றுதான் அவன் உடம்புக்குள் முழுசாக ஒரு மாத்திரை போயிருக்கிறது. அவனை அடிக்க ஓங்கிய கையால் அவன் வாயில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டு அழுதாள்.