இருபத்திரண்டு எட்டு

கையைத் தூக்கியதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டு மணி முதல், பொய்ப்பல் செய்து தரும் பல்செட்காரர் எங்கே நின்றாலும் அவரைச் சுற்றி இருபத்திரண்டு எட்டு நடைத் தூரத்துக்குள் கரகரக் குரல்காரி என்ற பாடகியின் குரல் கேட்காமல் போயிற்று. அவருக்கு மட்டுமல்ல, அந்த வட்டத்துக்குள் இருந்த யாருக்குமே. வயலின் கேட்டது, மேளம் கேட்டது, குரல் வரவேண்டிய இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஓட்டை. டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்கள். காரணம் புரிந்ததும் கடைக்காரர் அவருடைய டீயைத் தானே தெருமுனை வரை கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். இதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றுதான் பல்செட்காரரும் நினைத்திருந்தார், தன் மனைவிக்குத் தன்னை அடையாளம் காட்ட உலகத்தில் அந்தக் குரல் ஒன்றால்தான் முடியும் என்பது தெரியவரும் வரை.

கை தூக்கிய கதை இது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவருடைய பட்டறையில் பாட்டுச் சபை கூடும். சபை என்றால் ஐந்தே பேர். பல் அளவெடுத்த மாவு அச்சுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஒதுக்கிவிட்டு, ஆளுக்கொரு சீட்டு எழுதி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சீட்டில் ஒரு பாட்டு, அதை எப்படிக் கேட்பது என்ற குறிப்பு. மருந்துக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் ‘காலையில் ஒருமுறை, வெறும் வயிற்றில்’ என்று எழுதுவார். பல்செட்காரரின் மைத்துனி, அதாவது மனைவியின் தங்கை, பேருந்து நடத்துநர்; அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். அவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ‘இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்குற இடம், விட்டுடாதீங்க’ என்று எழுதுவாள். வாங்கியவர் அடுத்த ஞாயிறு பதில் சொல்ல வேண்டும். ‘நல்லாருக்கு’ என்றால் செல்லாது, எந்த இடம் என்று சொல்ல வேண்டும். கேட்காமலே கேட்டதாகப் புளுகி மாட்டிக்கொண்டவரை ஒரு மாதம் ஓட்டித் தீர்ப்பார்கள். கரகரக் குரல்காரியைச் சபைக்குக் கொண்டுவந்தவள் மைத்துனிதான். அந்தக் குரலில் முதலில் சொக்கிப்போனவர் பல்செட்காரர்.

பிறகு அந்தப் பாடகி ஒரு கச்சேரியில் இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்து, அட்டைப்பெட்டி ஆலைத் தீயில் கருகிப்போன பதினோரு பேரின் பெயர்களை வாசித்தாள். ஆலைக் கதவை வெளியிலிருந்து பூட்டியது யார் என்றும் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனாள். சபை இரண்டாகப் பிளந்தது. பாட்டுக்காரி பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே, பஞ்சாயத்து எதற்கு என்றார் மருந்துக்கடைக்காரர். காதலன் விட்டுட்டுப் போனதுக்கு அழுகிற குரல் பதினோரு பேர் செத்ததுக்கு அழக்கூடாதா என்றாள் மைத்துனி. மூன்று ஞாயிறு ஒரு சீட்டுகூடக் கைமாறவில்லை. நான்காவது ஞாயிறு, பாடகியைச் சபையின் பாட்டு நோட்டிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பாக்கி பல்செட்காரர். அவருடைய மேசையில் அப்போது ஆலை முதலாளியின் பல்செட், மேலும் கீழுமாக, மெருகு போட்டு முடித்த நிலையில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பாடகி கேட்டது நியாயம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே, நீக்கத்தான் வேண்டும் என்று கையைத் தூக்கினார். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையால் கெட்டார். அவரோடு சேர்ந்து தூக்கிய மற்ற இருவரைச் சுற்றிக் குரல் நிற்கவில்லை. அவர்கள் மனதார நம்பியதற்குத் தூக்கியவர்கள் என்பதாலோ என்னவோ.

மனைவிக்கு மறதி வந்து அப்போது இரண்டாவது வருடம். முதலில் உப்பை மறந்தாள், பிறகு கிழமையை, பிறகு மாடிப்படியை, கடைசியில் புருஷனை. வந்து போகிற நல்ல மனிதர் என்ற அளவில் அவரிடம் மரியாதையாகப் பேசுவாள். அவர் சோறு ஊட்டினால் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் தினமும் ‘நீங்க யாரு’ என்ற கேள்வியை வாங்கிக்கொள்வது சாவை விடக் கொடுமை. ஒரு புதன்கிழமை, அவர் பட்டறையில் இருந்தபோது, வீட்டில் மைத்துனி கரகரக் குரல்காரியின் பாட்டைப் போட்டாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, உங்க மாமா இன்னும் வரலையா, பசி தாங்க மாட்டாரே என்றாள். மைத்துனி பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு, நாலு தெரு ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் மெழுகை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலை நெருங்கியபோது உள்ளே வயலின் மட்டும் கேட்டது. கதவைத் திறந்தவரைப் பார்த்து மனைவி, யாரு வேணும் என்று கேட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைப் படியில் உட்கார்ந்து அனுபவித்தார்.

அதன் பிறகு அவர் செய்யாதது எதுவுமில்லை. மனைவியின் காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார், அதிலும் வயலின்தான். வேறு யாரோ பாடிய அதே பாட்டைப் போட்டார். மனைவி கொட்டாவி விட்டாள். சபையைக் கூட்டி மறுபடி கை தூக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் உட்பட ஐந்து பேரும் தூக்கினார்கள். நோட்டில் அவள் பெயர் மேல் இழுத்திருந்த சிவப்புக் கோட்டை அழித்ததில் தாள்தான் கிழிந்தது. சந்தைக்கு நடுவே பெட்டி மேல் ஏறி நின்று பதினோரு பெயர்களையும் உரக்க வாசித்து, பூட்டியது யார் என்றும் கேட்டார். செத்தவர்களின் வீட்டார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி, பல்செட் கடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார். குரல் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போய்ப் பாடகியின் வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்தவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பயந்துபோனாள். அவர் கும்பிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார். அவள் ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தாள்: ‘எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்லைங்க. இதை நான் செய்யலை. திருப்பித் தர எனக்கும் வழி தெரியலை.’ அவளுக்குக் கோபம் இருந்திருந்தாலாவது காலில் விழுந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் திரும்பி வந்தார்.

ஊர் வந்து சேர்ந்தவருக்கு வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார். வீட்டுக்கும் அதற்கும் இருபத்தாறு எட்டு. உள்ளே மைத்துனி பாட்டைப் போட்டிருந்தாள். ஜன்னலில் மனைவி வந்து நின்றாள்.

“வெயில்ல என்ன பண்றீங்க? சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க.”

அவர் அங்கேயே நின்று அழுதுகொண்டே பட்டனை மாற்றிப் போட்டார். உள்ளே வரச் சொன்னாள். இதோ வர்றேன் என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அவர் அங்கே நின்றார். மைத்துனி தன் டியூட்டியை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாள். தெருவுக்குக் குறுக்கே புருஷனும் பெண்டாட்டியும் கத்திப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். பாட்டு நாலு நிமிடம். அவள் களைக்கும் வரை மூன்று தடவை போடலாம். அவர் நிற்கும் இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று தெருக்காரர்களே சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். தபால்காரர் அவருடைய கடிதங்களை அங்கேயே கொடுத்தார். இப்படி ஏழு வருடம் போயிற்று. ஏழாவது வருடத்தில் பாட்டு நின்ற பிறகும் எதிரே நின்றவரின் நினைப்பு மட்டும் மனைவியிடம் தங்க ஆரம்பித்தது. மருத்துவர் இதை முன்னேற்றம் என்று எழுதினார்.

ஒரு நாள் காலை அவர் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அவர் கையைத் தடுத்தாள்.

“எதிர்ல நிப்பாரே, அவர்தாங்க எங்க வீட்டுக்காரர். எப்பக் கூப்பிட்டாலும் இதோ வர்றேங்கிறார், வரவே மாட்டேங்கிறார். உங்களைப் பார்த்தா நல்ல மாதிரியா தெரியுது. என்மேல ஏதாவது கோபமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

“கேட்டுட்டு வர்றேம்மா” என்றார் பல்செட்காரர்.

தட்டை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். தெருவைக் கடந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்று, திரும்பினார். மைத்துனி பாட்டைப் போட்டாள். மனைவி ஜன்னலுக்கு வந்து, யாரையோ அனுப்பினேனே, பார்த்தீங்களா என்று கேட்டாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் கத்திச் சொன்னார். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.