பன்னிரண்டு கிலோ

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நசரேனோ தராசோடு வந்தான். அவன் கறிக்கடையில் தொங்கும் கொக்கித் தராசு. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது.

“மாப்ள, இதை எங்க மாட்டுறது?”

மாப்ள என்றுதான் கூப்பிட்டான். அதைக் கவனித்துக்கொண்டேன்.

அவன் தங்கை நேலிதா என் மனைவி. நவம்பரில் நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன். எஸ்கெல் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் நான் ஒரு காரணம் சொல்வேன், அவள் வேறொன்று சொல்வாள். நசரேனோ இருவரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிப்ரவரிக் கோடையிலும் நானும் அவனும் ஏரி வரை பஸ்ஸில் போய், அதற்கு அப்பால் தேசியப் பூங்காவுக்குள் உள்ள பள்ளத்தாக்குக்கு நடந்து போய், நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்குவோம். இந்த வருடம் போகிறோமா என்று நானும் கேட்கவில்லை. அவன் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டான்.

தராசைக் கதவு நிலையில் இருந்த ஆணியில் மாட்டினோம். அவன் முழங்காலைப் பார்த்த டாக்டர், பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்வார்கள். நசரேனோ தராசில் நிறுக்கும் எடையாக எடுத்துக்கொண்டான்.

“உனக்குத்தானே பன்னிரண்டு. எனக்கென்ன?”

“உனக்கும் பன்னிரண்டுதான். நீ மட்டும் அதிகமா தூக்கினா வழியில பாக்குறவன் என்னைக் கிழவன்னு நினைப்பான்.”

சாமான்களைத் தரையில் பரப்பினோம். கூடாரத் துணி அவன் பையில், கம்பிகள் என் பையில். ஒரு வருடம் கம்பிகள் அவனிடம் இருப்பதாக நானும் என்னிடம் இருப்பதாக அவனும் நம்பிக்கொண்டு போய்விட்டோம். அந்த இரவு ஆலங்கட்டி மழையில் கூடாரத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நேலிதா பேசுவாள்.

“கம்பி?”

“இருக்கு.”

“தொட்டுக் காட்டு.”

தொட்டுக் காட்டினேன்.

தூங்குபை, மழைக்கோட்டு, கேஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, மருந்துப் பை. ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி, கறி வாங்க வந்தவளிடம் சொல்வது போல எடையை உரக்கச் சொன்னான். கடைசியில் அவன் பையை முழுதாக மாட்டியபோது முள் பதினான்கைத் தாண்டியது.

“சோப்பை எடு,” என்றான். எடுத்தேன். முள் அசையவில்லை. துண்டை எடுத்தேன். கொஞ்சம் அசைந்தது.

“மச்சான், இது என்ன?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

கறி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டு. பையின் முதுகுப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

“பூங்காவுல நெருப்பு மூட்டத் தடை.”

“தெரியும்.”

“போன வருஷமும் தடை.”

“போன வருஷமும் தெரியும்.”

“அப்புறம் எதுக்குத் தூக்குற?”

“நாம உள்ள இருக்கும்போது தடையை எடுத்துட்டா? கையில தட்டு இல்லாம நிக்கச் சொல்றியா?”

காட்டுத்தீ பயத்தால் கோடையில் தடையை எடுப்பதே இல்லை. அந்தத் தட்டு வருடந்தோறும் பள்ளத்தாக்குக்குப் போய் கரி படாமல் திரும்பி வருகிறது. இரண்டே கால் கிலோ. அதை விட்டுவிட்டு மருந்துப் பையை வெளியே எடுத்து வைத்தான். நான் மறுபடி உள்ளே வைத்தேன். தூங்குபையை இழுத்தான். அதற்கடியில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

“அது உனக்கு,” என்றான். “நேலிதா குடுத்தா.”

துணி எங்கள் சமையலறையில் கை துடைக்கும் கட்டம் போட்ட துணி. உள்ளே என் குடுக்கை.

மாத்தே என்கிற கசப்பு இலைத்தேநீர் குடிக்கும் சுரைக்குடுக்கை. நவம்பரில் என் பொருள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். இதை மட்டும் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் விட்டு வந்தேன். மறக்கவில்லை. ஒரு நாள் அந்தக் கதவைத் தட்டுவதற்குக் காரணம் ஒன்று வேண்டும். குடுக்கையை எடுக்க வந்தேன் என்று சொல்லலாம். மூன்று மாதமாக அந்தக் காரணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தேன். இப்போது அது என் கையில் இருந்தது. இனி அந்த வீட்டில் என்னுடையது எதுவும் இல்லை.

“எடை போடவா?” என்றான் நசரேனோ.

துணியோடு கொக்கியில் மாட்டினான். மாட்டுத் தொடை நிறுக்கும் தராசு. முள் அசையவில்லை.

“ஒண்ணுமே இல்ல,” என்றான்.

“ஏதாவது சொன்னாளா?”

“கம்பியை மறக்காதீங்கன்னா.”

“என்கிட்டச் சொல்லச் சொல்லி?”

“பொதுவா.”

குடுக்கையைக் கையில் வாங்கினேன். மூன்று மாதம் சும்மா கிடந்தால் குடுக்கை காய்ந்து வாய் ஓரத்தில் வெடிக்கும். இது வெடிக்கவில்லை. விரலை உள்ளே விட்டேன். ஈரம். அடியில் ஆரஞ்சுத் தோல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

நான் கசப்பாகக் குடிப்பவன். நசரேனோவும் அப்படித்தான். நேலிதாவுக்குச் சர்க்கரை வேண்டும், ஆரஞ்சுத் தோல் வேண்டும். ஒருமுறை சர்க்கரை இறங்கிய குடுக்கை அதன் பிறகு கசப்புக்கு ஆகாது. சுவரிலேயே இனிப்பு ஊறிவிடும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இரண்டு குடுக்கைகள். அவளுடையதை நான் தொட்டதில்லை, என்னுடையதை அவள் தொட்டதில்லை.

நசரேனோவிடம் நீட்டினேன். மோந்து பார்த்தான். கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தான். தண்ணீர் கொதிக்கும் முன் இறக்கினான். தன் பையிலிருந்த இலைத்தூளைக் குடுக்கையில் கொட்டி, குழலைச் செருகி, தண்ணீர் விட்டு உறிஞ்சினான்.

“சர்பத்,” என்றான்.

“இப்பப் போட்டது வெறும் இலைதானே?”

“வெறும் இலைதான். இது ஒரு நாள் ரெண்டு நாள் சக்கரை போட்டதில்ல மாப்ள. நீ போனதுலேருந்து போட்டிருக்கா.” இன்னொரு முறை உறிஞ்சினான். “கெடுத்துட்டா. நல்ல குடுக்கை.”

“அவளோடது உடைஞ்சிடுச்சா?”

“இல்லியே. ஜன்னல்கிட்ட இருக்கு. மேல தூசி.”

“தூசியா?”

“துடைக்கச் சொன்னேன். உன் வேலையப் பாருன்னா.”

குழல் கொர்ரென்று சத்தம் போடும் வரை குடித்தான். மறுபடி தண்ணீர் விட்டு என்னிடம் கொடுத்தான். நான் குடித்தேன். ஆரஞ்சு வாசம் இருந்தது. சட்டென்று இறக்கி வைக்க முடியவில்லை.

“சரி, விடியக்காலை பஸ்,” என்றான். “என்னோட குடுக்கையும் இருக்கு. ரெண்டைத் தூக்கிட்டுப் போக முடியாது. எது?”

என் குடுக்கையைத் துணியில் சுற்றி என் பையின் மேல் அறையில் வைத்தேன். அவனுடையதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

நசரேனோ மேசையைப் பார்த்தான். பிறகு என் பையைப் பார்த்தான்.

“நான் சக்கரை போட்டு மாத்தே குடிச்சதே இல்ல. எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட குடிச்சதில்ல.”

“நானும்தான்.”

அவன் தரையில் உட்கார்ந்து பையின் முதுகிலிருந்த கயிற்றை அவிழ்த்தான். நேரம் பிடித்தது. கம்பித்தட்டை உருவிச் சுவரோடு சாய்த்து வைத்தான்.

“தடையை எடுத்துட்டா?” என்றேன்.

“எடுக்க மாட்டானுங்க.”

தூங்குபையை மறுபடி உள்ளே திணித்து, பையைக் கொக்கியில் மாட்டினான். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

“சக்கரைக்கு இடம் இருக்கு,” என்றான். “உன்கிட்ட இருக்கா?”

“இந்த அறையில சக்கரையே கிடையாது.”

“மூலைக் கடை ஒன்பது வரைக்கும் இருக்கும்.”

“எவ்வளவு வாங்குறது?”

“என்னைக் கேட்டா? தெரிஞ்சவளைக் கேளு.”

போனைத் தேடி எடுத்தேன். நசரேனோ தராசைக் கழற்றத் தொடங்கினான். கழற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு முதுகைக் காட்டி நின்று கழற்றிக்கொண்டே இருந்தான். நேலிதா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“நான்தான்,” என்றேன். “நேலிதா, நாலு நாளைக்கு, ரெண்டு பேருக்கு, சக்கரை எவ்வளவு எடுத்துக்கணும்?”