ஐந்து விரல் சாயம்

...ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு, விட்டன்பர்க், லூதரின் தொண்ணூற்றைந்து வாதங்கள், இதெல்லாம் கேட்கமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும், கேட்டால் அதற்கு முந்தியதைத்தான் கேட்பார்கள், நிலமானிய முறையின் படிநிலை, மேலே அரசர், அடுத்து பிரபு, அடுத்து குதிரைவீரர், கடைசியில் பண்ணையடிமை, விளைச்சல் கீழேயிருந்து மேலே போகும், அடி மேலேயிருந்து கீழே வரும்... அடி பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை, நோட்டில் நானாக எழுதி வைத்தது. திருவண்ணாமலை பஸ் போளூரைத் தாண்டிவிட்டது. பத்து மணிக்கு ஆசிரியர் தேர்வு, இந்த முறையும் போனால் வயசு ஏறிக்கொண்டே போகும், வேலை கிடைத்தால்தான் நானும் என் மகள் உதயாவும் யார் கூரைக்குக் கீழும் நிற்க வேண்டியதில்லை. பக்கத்து சீட்டு அம்மா என் கன்னத்தையே பார்க்கிறாள், முந்தானையால் மூடினால் காற்று தூக்கிவிடுகிறது, ஜன்னலைச் சாத்தலாம் என்றால் அது அசைவேனா என்கிறது. ஹால் டிக்கெட் போட்டோவில் இந்தக் கன்னம் சுத்தமாக இருக்கிறது. வாசலில் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்களே, பரிமளா, முப்பத்து நான்கு வயது, சரி, இது யாருடைய கை என்று கேட்பார்களா?

தீனாவின் கை. என் அண்ணன். காலை ஆறு மணிக்குக் கொல்லையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவன், நான் புடவை மாற்றி நிற்பதைப் பார்த்ததும் தொட்டியிலிருந்து நேராக எழுந்து வந்தான், முழங்கைவரை அரக்குச் சிவப்பு. 'பரீட்சை எழுதி, வேலைக்குப் போயி, சதீஷ வுட்டுட்டே இருந்துடலாம்னு பாக்கிறியா? ஊர்ல இன்னா பேசிகினு இருக்காங்க தெரியுமா உனக்கு?' கட்டியவன் என் தலையைச் சுவரில் மோதினபோது இந்த ஊர் எங்கே போயிருந்தது என்று கேட்டேன், முடிப்பதற்குள் அறை விழுந்தது, காது கொய்ங் என்றது, உதடு பல்லில் கிழிந்தது, மயிரைப் பிடித்து நிமிர்த்தி இன்னொன்று, அதே கன்னத்தில். வாயில் வந்த ரத்தத்தை விழுங்கினேன், புடவையில் பட்டால் மறுபடி மாற்ற வேண்டும், பஸ் போய்விடும்... அப்படியா யோசித்தேன், ஆமாம், அப்படித்தான் யோசித்தேன். பட்டில் பிடிக்கிற சாயம் தோலிலும் பிடிக்கும், இரண்டும் உயிரிலிருந்து வந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய், எதற்கும் விரல்கள் போகவில்லை, தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

மறுமலர்ச்சி... ஃபிளாரன்ஸ், மனிதனை நடுவில் வைத்த சிந்தனை, எந்த மனிதன், அது கேள்வித்தாளில் வராது. போப் காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டு. அந்த வார்த்தையைப் படித்தாலே தீனாதான் வருகிறான், இருபத்து மூன்று வயது தீனா, வேறு சாதி ஜெயத்தைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், அப்பா தறிக்கட்டையால் விளாசுகிறார், அவன் ஓடவில்லை, 'நான் யார்கூட வாழணும்னு உன்கிட்ட சீட்டு வாங்கணுமா நைனா' என்றான். எனக்கு எப்படிச் சிலிர்த்தது. நடுவில் விழுந்து தடுத்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்தது, மழைக்காலத்தில் இன்னும் குடைகிறது. லூதர் போப்பை எதிர்த்ததைப் பார்த்துத்தான் விவசாயிகளும் அரிவாளும் மண்வெட்டியுமாக எழுந்தார்கள், நம் ஆள் என்று நினைத்திருப்பார்கள், பாவம், அவரோ பிரபுக்களுக்கு எழுதினார், வெட்டுங்கள் என்று. வெட்டினார்கள். ஒரு லட்சம் பேர்வரை என்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று வருடம் முன்பு 'ஏன்?' என்று எழுதியிருக்கிறேன், விடை எழுதவில்லை. இப்போது எழுதலாம், அவருக்கு வேண்டியது அவருக்குக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். கை எழுதுவதாக இல்லை, அவ்வளவு ஆத்திரம், பேனாவை தீனாவின் கண்ணில் செருகுவதை நினைத்துப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது.

'இன்னாம்மா, யாருனா அடிச்சிட்டாங்களா?' பக்கத்து அம்மா கேட்டேவிட்டாள். 'சாயங்க' என்றேன். 'சாயம் சரி, வெரலு தெரியுதே' என்றாள். நான் நோட்டுக்குள் குனிந்தேன், முக்கோணம், அரசர், பிரபு, வீரர், பண்ணையடிமை, கீழே கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வெற்றுக் காகிதம். அதன்மேல் என் வலது கை. உள்ளங்கை நடுவில் சிவப்பு, ஆனால் விரல் நுனிகளில் இல்லை, எங்கேயோ ஒற்றி எடுத்தமாதிரி இருக்கிறது... எங்கே பட்டது, முகம் கழுவினேன், ஈரக் கையோடு பையை எடுத்தேன், வாசலில் உதயா, ஆறு வயது, காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, 'நானும் வரேம்மா, மாமா அடிக்கும்' என்றாள், பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது, விட்டேன் முதுகில் ஒன்று, பளார் என்று. அவள் அழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, வெள்ளை ஷிம்மி போட்டிருந்தாள். பருத்திதானே, பருத்தியில் இந்தச் சாயம் நிற்காது, ஒரு அலசலில் போய்விடும், வீட்டுக்குப் போனதும் அலசிவிடலாம்... ஷிம்மியின் பின்கழுத்து இறக்கம், பாதி முதுகு வெறும் தோல்தான்.