கைடு சார்

அம்புரோஸ் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலில் ஏறுகிற சாமானைச் சரிபார்த்து அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தானும் ஒரு சாமானாக வெளிநாடு போனால் என்ன என்கிற யோசனை அவருக்கு வந்தது. அதற்கும் டிக்கெட் எடுத்தது அவர் இல்லை, கன்டெய்னர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் கரோலின். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்குப் பரிசு. ஊர் கொழும்பு.

ராயபுரம் கல்மண்டபத்தில் அவர்கள் குடியிருக்கும் சந்தே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. பக்கத்து வீட்டு ஜெரினா, வெளிநாட்டு சோப்பு ஒன்று வாங்கிவரச் சொல்லிக் கண்கலங்கினாள். அம்புரோஸின் மனைவி இருதயம்மாள் இரண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி புளிசோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டாள். விமானமோ, விம்கோ நகரில் பஸ் ஏறித் தாம்பரம் போய்ச் சேருகிற நேரத்துக்குள் வெளிநாட்டில் இறங்கிவிட்டது.

"டேய் டெரிக்கு, இதுக்காடா இம்மாம் சோறு கட்டுனேன்?" என்று அவள் விமானப் பணிப்பெண்ணை வைத்துக்கொண்டே கேட்டாள்.

மகன் டெரிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே இறக்கைதான் இருந்தது. அதையே பார்த்தான்.

டெரிக் மவுண்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சேர்ந்த முதல் வாரம் பேராசிரியரைப் பார்த்து "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டான். வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு நாக்கு. பீச் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட இன்னொன்றை மாட்டிக்கொள்வான். வீடு எங்கே என்று கேட்டால் "பீச் பக்கம்" என்பான். "பெசன்ட் நகரா?" என்று கேட்டால் சிரிப்பான். சிரிப்பது பொய் ஆகாது என்பது அவன் கட்சி.

கொழும்பில் மறுநாள் காலை கடற்கரை ரயிலில் ஹிக்கடுவை போவதாக ஏற்பாடு. கடலை ஒட்டியே ஓடுகிற ரயில், இறங்கினால் குளிக்கிற கடல், சாயங்காலம் திரும்பல். இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால் விசாரிப்பதெல்லாம் டெரிக்கின் வேலை. கோட்டை ஸ்டேஷனில் அவன் பிளாட்பாரத்தை விசாரித்துவிட்டு வந்து நின்றபோது, அம்புரோஸ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த சிவப்புக் கோடு போட்ட துண்டை எடுத்து நாலாக மடித்தார். டெரிக் அவர் கையைப் பிடித்தான்.

"நைனா, வேணாம். இது வெளிநாடு."

"வெளிநாடுன்னா? இங்க மட்டும் நின்னுகினு போனா கால் வலிக்காதா?"

கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்துபோகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே சீட்டில் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாகக் கணக்கு. எம்.எல்.ஏ. வந்தாலும் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார மாட்டார்.

ரயில் வந்தது. ஜன்னல்களில் கம்பி இல்லை. அம்புரோஸின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை டெரிக் கிறிஸ்மஸுக்குக்கூடப் பார்த்ததில்லை.

"கம்பியே இல்லடா! ஆளையே தூக்கிப் போடலாம்!"

ஆளைப் போடவில்லை. வண்டியோடு ஓடியபடி துண்டைப் போட்டார், பின்னாலேயே இருதயம்மாளின் கைப்பையைப் போட்டார், அதன் பின்னால் பிஸ்கட் டப்பாவைப் போட்டார். "நாலு பேரு வர்றோம், நாலு பேரு!" என்று காலி ஜன்னல்களுக்கெல்லாம் தமிழில் அறிவித்துக்கொண்டே ஓடினார். கைப்பையும் டப்பாவும் சரியாகச் சீட்டில் விழுந்தன. துண்டு மட்டும், எதிர்ச் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்து மீன் வைத்த பணிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் மடியில், பணிஸை மூடிக்கொண்டு விழுந்தது.

டெரிக் முதலில் ஏறினான். அந்தப் பெண்ணுக்கு அவன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவளுடைய அம்மா, தலையில் முக்காடு. பெண் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது உங்கட துவாயா?"

தமிழ். டெரிக் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த நாட்டில் தன் வீட்டார் பேசுவது யாருக்கும் புரியாது என்கிற ஒரே நம்பிக்கையில்தான் அவன் விமானம் ஏறியிருந்தான்.

"இல்லைங்க" என்றான். "அவங்களோடது."

"அவங்க உங்கட ஆக்கள்தானே?"

இந்த இடத்தில் அவன் சிரித்திருக்கலாம். சிரிப்பதில் பழக்கமுள்ளவன்தான். ஆனால் பிளாட்பாரத்தில் அவன் அம்மா, "யோவ், எம் பைய எங்கயா வுட்ட?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"இல்லை. நான் கைடு" என்றான் டெரிக். "சென்னையிலிருந்து இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன். கொஞ்சம் அப்படி இப்படித்தான் நடந்துப்பாங்க. மன்னிச்சுக்கோங்க."

இஸ்திரி கலையாமல் வந்தது அவ்வளவும். திரும்பினான். அம்புரோஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. எவ்வளவு கேட்டார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. டெரிக் கன்னத்தில் விழப்போகும் அறைக்காகக் காத்திருந்தான். அறைந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்து எல்லோரும் சந்தோஷமாகக் குளித்துவிட்டு வந்திருப்பார்கள். அம்புரோஸ் அறையவில்லை. பெண்ணின் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டார்.

"மன்ச்சுக்கம்மா. சாரு அப்பவே சொன்னாரு, துண்டு போடாதீங்கன்னு. நாந்தான் கேக்கல."

பிறகு மகனைப் பார்த்து, "சார், நீங்க ஜன்னலாண்ட குந்திக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று டெரிக் சல்லடை போட்டுத் தேடினான். இல்லை. துறைமுகத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்களோடு பேசுகிற குரல் அது. பையனுக்கு ஏதோ காரியம் இருக்கிறது, அதைக் கெடுக்கக்கூடாது என்கிற குரல்.

ரயில் புறப்பட்டது. வலது பக்கம் கடல் வந்து ஒட்டிக்கொண்டது. கரோலினுக்கு விஷயம் புரியப் பத்து விநாடிகூட ஆகவில்லை. அவளுக்கு இரக்கம் என்று ஒன்று கிடையாது.

"கைடு சார், இது இன்னா ஊரு?"

டெரிக் எட்டிப் பார்த்துப் பலகையைப் படித்தான். "பாணந்துறை."

"இங்க இன்னா ஃபேமஸ் சார்?"

"கடல்" என்றான். நாலைந்து ஸ்டேஷன் தாண்டியும் அவள் விடவில்லை.

"அங்க தெரியுதே ஒரு ஆறு, அதும்பேரு இன்னா சார்? துட்டு வாங்கிகினு இதுகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"களு கங்கை" என்று அந்தப் பெண் அவனைக் காப்பாற்றினாள். அவள் பெயர் ஜஸீமா. கொழும்பில் படிக்கிறாள். தாயும் மகளும் அவர்களைப் போலவே ஒருநாள் ஹிக்கடுவைக் கடல் பார்க்கப் போகிறார்கள். தாய் ஷரீஃபுன்னிசா அதிகம் பேசவில்லை. டெரிக்கின் முகத்தையும் அம்புரோஸின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இருதயம்மாள் மட்டும்தான் விளங்காமல் முழித்தாள். "இன்னாடி சாரு, யாரு சாரு?" என்று மகளின் விலாவில் இடித்தாள். கரோலின் காதில் சொன்னாள். இருதயம்மாள் டெரிக்கைப் பார்த்தாள். ஒரு ஸ்டேஷன் போயிற்று, பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொன்றும் போயிற்று. பிறகு எழுந்து கேரியரைத் திறந்தாள்.

கருவாட்டுத் தொக்கின் வாசனை அந்தப் பெட்டி முழுக்க எழுந்து நின்றது. டெரிக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது ஜஸீமா கை நீட்டிக்கொண்டிருந்தாள். "ஆ, நெத்தலி! உம்மா, எங்கட நெத்தலி!" பின் சீட்டுக்காரர் ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு அவரும் கை நீட்டினார். உலகத்தில் அந்த வாசனைக்கு வெட்கப்பட்ட ஒரே ஆள் கைடுதான் போலிருந்தது.

எல்லோருக்கும் கையில் உருண்டை பிடித்துக் கொடுத்தாள் இருதயம்மாள். டெரிக்குக்கு மட்டும் கேரியர் மூடியில் வைத்து, ஸ்பூன் போட்டு நீட்டினாள். வெளியாட்களுக்குக் கொடுக்கிற மாதிரி.

"எடுத்துக்கோங்க தம்பி" என்றாள்.

எடுத்துக்கொண்டான். அவன் அம்மா அவனை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தொக்கின் காரம் ஏறியது. தண்ணீர் கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மா என்றா, மேடம் என்றா?

ராயபுரம் என்கிற அவன் ஊரின் பெயரே ராயப்பர் என்கிற சீடர் பெயரால் வந்தது. தன் குருவையே தெரியாது என்று சொல்லிவிட்டு அழுதவர் அவர். சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, 'இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு பயமா?' என்று டெரிக் சிரித்திருக்கிறான்.

ஹிக்கடுவையில் கடல் பச்சையாக இருந்தது. ராயபுரத்தில் கடல் என்றால் பாறாங்கல் கொட்டிய கரை, படகு, டீசல், அந்தப் பக்கம் கப்பல். அதில் யாரும் குளிப்பதில்லை. கடலோரத்திலேயே பிறந்து கடலோரத்திலேயே கல்யாணம் செய்துகொண்ட இருதயம்மாள் முழங்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் கண்டதில்லை. மாதா கோயிலுக்குள் போகிற மாதிரி மெல்ல இறங்கினாள், பூப்போட்ட நைட்டியோடு. முதல் அலை அவளை உட்காரவைத்தது. "ஐயோ, ஸோக்கா கீதுயா! வாய்யா!" என்று கத்தினாள். அரைகுறைத் துணியில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் தலை தூக்கி நைட்டியை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அம்புரோஸ் பேன்ட்டை மடித்துவிட்டு ஓடினார்.

டெரிக் ஒரு தென்னை மரத்தடியில் கைடுக்கு உரிய தூரத்தில் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது நீச்சல் டிராயர் வாங்கி வைத்திருந்தான். அது பையில் இருந்தது. கைடு டிராயர் போட்டுக் குளித்தால் நன்றாக இருக்குமா என்று யோசித்தான்.

"சார், நீங்களும் வாங்களேன்!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அம்புரோஸ் கூப்பிட்டார்.

"பரவாயில்லை, நீங்க குளிங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் கரையேறியபோது அம்புரோஸ் கரோலினின் போனை வாங்கி, மணல் படாமல் துடைத்து, டெரிக்கிடம் நீட்டினார்.

"சார், எங்க ஃபேமிலிய ஒரு போட்டோ எடுங்க."

பக்கத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த ஜஸீமா நிமிர்ந்தாள். "நான் எடுக்கிறேனே. கைடும் போய் நில்லுங்க."

நாலே எட்டு வைத்தால் போதும். அம்மா பக்கத்தில் இடமும் இருந்தது.

"இல்லைங்க" என்றான். "கஸ்டமரோட போட்டோல நாங்க நிக்கக்கூடாது. கம்பெனி ரூல்."

"சாரு சொன்னா சரி" என்றார் அம்புரோஸ்.

போன் திரையில் மூன்று பேரும் தெரிந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள். இருதயம்மாளின் வலது கை, எந்தக் குடும்பப் போட்டோவிலும் போகிற இடத்துக்குத் தானாகவே எழுந்தது. அங்கே டெரிக்கின் தோள் இருக்கும். இல்லை. கை கொஞ்ச நேரம் காற்றில் நின்று பார்த்துவிட்டு இறங்கியது. டெரிக் அப்போதுதான் பொத்தானை அழுத்தினான். படம் நன்றாக வந்திருந்தது. ஒரு ஆளுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

சாயங்காலம் ஹிக்கடுவை ஸ்டேஷன். அம்புரோஸின் கழுத்தில் ஈரத் துண்டு. தூரத்தில் ரயில் தெரிந்ததும் அவர் கை பழக்கத்தில் துண்டுக்குப் போனது. பிறகு டெரிக்கைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"வேணாமே, நின்னுகினே போலாம்" என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சாருக்கு ஒரு மாரியா இருக்கும்."

காலையிலிருந்து வாங்கிய எந்த 'சாரும்' டெரிக்குக்கு இப்படிச் சுடவில்லை. அப்பாவின் கழுத்திலிருந்து துண்டை உருவினான். வண்டியோடு ஓடினான். கண்ணில் பட்ட முதல் ஜன்னலில் தூக்கிப் போட்டான். பிளாட்பாரம் அதிரக் கத்தினான்.

"நைனா! வா நைனா, எடம் புட்ச்சிட்டேன்! அம்மா, இங்க வா! கரோலினு, பைய எடுத்துகினு ஓடியா!"

வண்டி நின்றது. அந்தப் பெட்டியில் ஆளே இல்லை. முன்னால் ஒரு கிழவரும் வாழைத்தாரும், மற்றபடி வரிசை வரிசையாகக் காலிச் சீட்டுகள். நடுவில் ஒரு சீட்டில் துண்டு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

பின்னால் வந்த ஜஸீமா உள்ளே எட்டிப் பார்த்தாள். "கைடு, உள்ளுக்கு முழுக்க இடம்தானே. எதுக்கு எறிஞ்சீங்க?"

"நான் கைடு இல்லங்க" என்றான் டெரிக். மூச்சு வாங்கியது. "இவரு எங்க நைனா. இது எங்கம்மா. அது எங்கக்கா. காத்தால பொய் சொல்லிட்டேன். எங்கூட்ல அல்லாரும் துண்டு போட்டுத்தான் எடம் புடிப்போம்."

ஷரீஃபுன்னிசா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது காலையிலேயே விளங்கினதுதானே மகன். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

அப்படியானால் நாள் முழுக்க இவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள். சோற்றை மூடியில் வாங்கித் தின்றதை, கம்பெனி ரூலை, எல்லாவற்றையும். டெரிக் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். ஒளிய இடம் தேடினால், அவ்வளவு காலிப் பெட்டியில் ஓர் இடம்கூட இல்லை.

அம்புரோஸ் ஏறினார். அந்தச் சீட்டின் முன்னால் வந்து நின்று துண்டைப் பார்த்தார். சீட்டு மெத்தை நனைந்து கறுத்திருந்தது. டெரிக் அடுத்த 'சாருக்கு'த் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"டேய்" என்றார் அம்புரோஸ். "ஈரத் துண்ட மெத்த மேல போட்டுக்கீற. இதுல எவன் குந்துவான்? எட்த்து வெளிய பிழிடா, அறிவு கெட்டவனே."

டெரிக் துண்டை எடுத்தான். கம்பி இல்லாத ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிப் பிழிந்தான். வண்டி வேகம் பிடித்திருந்தது. காற்று பாதித் தண்ணீரை மணலோடு அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது. இருதயம்மாள் விழுந்து விழுந்து சிரித்தபடி, எங்கே பையன் வெளியே விழுந்துவிடுவானோ என்று அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கரோலின் அதைப் போட்டோ எடுத்தாள். அந்தப் பயணத்தில் டெரிக் இருக்கிற போட்டோ அது ஒன்றுதான்.